துணி மிஷினில் சிவந்த தண்ணீர்

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வெளியே நின்றவள்.

போன வாரம் வரைக்கும் நான் சொல்லச் சொல்ல, என் மருமகள் சுகன்யா போனில் தட்டி இந்தப் பத்திரிகைக்கு அனுப்பினாள். இந்த வாரம் அவளிடம் சொல்லவில்லை. விஷயம் அவளைப் பற்றியது. சொன்னால், "வாணாம் அத்தை, வுடுங்க" என்று எழுந்து போய்விடுவாள். அதனால் நானே பேனாவை எடுத்திருக்கிறேன். முன்னே நடந்தது பின்னே வரும். பேர்கூட சில சமயம் மறக்கிறது. கோபம் மட்டும் மறக்கவில்லை.

எங்கள் வீட்டுப் பின்பக்கம். தகரக் கூரை போட்ட இடம். அங்கேதான் துணி துவைக்கிற மிஷின் நிற்கிறது. மூடி திறந்திருக்கிறது. சுற்றி நாலைந்து ஆண்கள், எல்லோர் கழுத்திலும் மாலை. மிஷின் கீ கீ என்று கத்திக்கொண்டே இருக்கிறது. அதை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள்.

உள்ளே தண்ணீர் செக்கச்செவேல் என்று நிற்கிறது. செங்கல்லைக் கரைத்துவிட்ட மாதிரி. நுரைகூட சிவப்பு.

என் கொழுந்தனார் தணிகாசலம் தலையை நிமிர்த்தினார். சமையல்கட்டு வாசலில் நின்ற எங்கள் பக்கம் திரும்பினார்.

"எந்தப் பொம்பள தன் துணிய இதுல போட்டது?"

இந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பொட்டு வைத்த பொத்தான்கள்

அந்த மிஷின் எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் என் வலது மணிக்கட்டு. மழை பெய்த மறுநாள் துவைக்கிற கல்லின் பக்கத்தில் பாசியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டு வந்தோம். எலும்பு சேர்ந்தது. வயசாகிவிட்டதால் பிழிகிற பலம் மட்டும் திரும்பி வரவில்லை.

ஆனாலும் துணி துவைக்காமல் இருக்க முடியுமா? போர்வையின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையை இடது கையால் முறுக்குவேன். அப்படி முறுக்கிக்கொண்டிருந்தபோது ஒருநாள் சுகன்யா பார்த்துவிட்டாள். அவள் காலை ரயிலில் அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிறவள். தோளில் பையை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அடுத்த சம்பளத்தில் மிஷின் வந்து இறங்கியது.

"யாரைக் கேட்டுமா வாங்கின?" என்றான் என் மகன் முரளி.

"என் சம்பளத்துல வாங்கனேன். அத்தைக்கு வாங்கனேன். யாரைக் கேக்கணும்?" என்றாள்.

எனக்கு அதைத் தொடவே பயம். பொத்தான் எல்லாம் இங்கிலீஷ். சுகன்யா கடையில் ஒட்டுகிற பொட்டு ஒரு அட்டை வாங்கி வந்தாள். ஆரம்பிக்கிற பொத்தானில் சிவப்புப் பொட்டு. தண்ணீர் எவ்வளவு என்பதற்குப் பச்சை. வெறுமனே அலசிப் பிழிவதற்குக் கறுப்பு. "அத்தை, எதுவும் படிக்க வாணாம். பொட்டைப் பாத்து அமுக்குங்க" என்றாள்.

என் வீட்டுக்காரர் போனதிலிருந்து நான் பொட்டு வைத்துக்கொள்வதில்லை. மிஷின் வைத்துக்கொண்டது. அதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு நான் அதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் மறுநாள் வெள்ளையாகப் பூத்திருக்கும். மிஷின் உள்ளேயும் அப்படித்தான் பூக்கும். மாசம் ஒருமுறை வெந்நீர் ஊற்றி, எலுமிச்சை உப்பு போட்டு, துணி போடாமல் சும்மா ஓட்டுவேன். உள்ளே பஞ்சு பிடிக்கிற வலைப்பை ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்றி உதறுவேன். எங்கள் அப்பா வீடு ஆர்.கே.பேட்டை பக்கம், தறி ஓடுகிற வீடு. பஞ்சு அடைத்தால் எது எது நிற்கும் என்பது எனக்குப் பழக்கம். துவைத்து முடிந்ததும் மூடியைத் திறந்தே வைப்பேன், இல்லாவிட்டால் ஊசின வாடை வரும். தூள் அரை மூடிக்கு மேலே போட மாட்டேன். சட்டைப் பை, வேட்டி முடிச்சு எல்லாம் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே போடுவேன். முரளி பையில் எப்போதும் பஸ் டிக்கெட் இருக்கும்.

இதெல்லாம் பெரிய வேலையா என்றால், இல்லை. ஆனால் செய்தால்தான் அது ஓடும்.

இரண்டு கல்

இங்கே என் மாமியாரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன்.

நான் கல்யாணம் ஆகி வந்தபோது இந்த வீட்டுப் பின்பக்கம் இரண்டு கல் இருந்தன. ஒன்று பெரிசு, வேப்ப மர நிழலில். அது வீட்டுத் துணிக்கு. இன்னொன்று சின்னது, சாய்ந்தது, சாக்கடை ஓரம், வெயிலில். அது எங்களுக்கு. அந்த மூன்று நாள் துணியை அந்தக் கல்லில்தான் துவைக்க வேண்டும், யாரும் எழுந்திருக்கும் முன்னால். காயப் போடுவதும் யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில். காயாத ஈரத்துணியையே திரும்பக் கட்டிக்கொண்ட நாளெல்லாம் உண்டு. புண்ணானால் யாரிடம் காட்ட முடியும்?

நான் வழுக்கி விழுந்ததும் அந்தச் சின்னக் கல்லின் ஓரத்தில்தான். வயசான காலத்திலும் பழக்கம் போகாமல் என் துணியை அங்கேயே துவைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது நின்று எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கால் தானாக அந்தக் கல்லுக்குப் போகும்.

மிஷின் வந்த அன்று நினைத்தேன், கல் கதை முடிந்தது என்று. வேப்ப மரத்துக் கல்லை எடுத்துவிட்டுத்தான் அந்த இடத்தில் தகரம் போட்டு மிஷினை வைத்தோம். சின்னக் கல்லை எடுக்க ஆள் வரவில்லை, அது அப்படியே கிடந்தது. கல் கதை எங்கே முடிந்தது? பெரிய கல்லின் இடத்தில் மிஷின் உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் சாமிகள்

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீட்டு ஆண்கள் மாலை போட்டுக் காவடி எடுப்பார்கள். வீடு இரண்டு பாகம். ஒரு பாகத்தில் நாங்கள், மறு பாகத்தில் கொழுந்தனாரும் அவர் சம்சாரம் சரோஜாவும். பின்பக்கம் பொது. கொழுந்தனாரை நான் சின்னவர் என்றுதான் சொல்வேன், ஆனால் என் வீட்டுக்காரர் போன பிறகு குடும்பத்துக்குப் பெரியவர் அவர்தான். மாலை போட்டால் தெருவில் இன்னும் மூன்று பேர் அவரோடு சேர்ந்துகொள்வார்கள். அவர்களுக்கு அவர்தான் குருசாமி.

மாலை போட்டவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். நான் பெற்ற பிள்ளையை நான், "சாமி, இட்லி போதுமா சாமி?" என்று கேட்பேன். அவனும், "இன்னும் ரெண்டு வை" என்பான். இதில் எனக்குக் குறையில்லை. முருகன் மேல் எனக்கும் பக்தி உண்டு. முழங்கால் நல்லா இருந்த வரைக்கும் படியேறிப் போனவள்தான் நான்.

குறை எங்கே என்றால், அந்த வருஷம் மாலை போட்ட அன்று சின்னவர் எங்கள் மிஷினுக்கும் மாலை போட்டார். அது போன ஆடிக்கு முந்தின ஆடி என்று நினைக்கிறேன். நிஜமாகவே சாமந்திப்பூ மாலை. மிஷினுக்குள் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். முன்பக்கம் விபூதியைப் பட்டையாகப் பூசினார். பூசும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

"இன்னாது இது, பொம்பளங்க ஒட்டற பொட்டு?"

நகத்தால் மூன்றையும் சுரண்டி எடுத்துக் கீழே போட்டார்.

"இன்னிக்கிலிருந்து கிருத்திகை முடியற வரைக்கும் இதுல சாமிங்க துணி மட்டும்தான். பொம்பளங்க துணி வெளிய. மிஷினு சுத்தமா இருக்கணும். நீங்க யாரும் தொடவே வாணாம், நாங்களே போட்டுக்கறோம்."

சுகன்யா மெதுவாகத்தான் கேட்டாள். "அது நான் அத்தைக்கு வாங்கினது மாமா. அவங்களால கையால தோய்க்க முடியாது."

"மிஷினு யார் வாங்கினா இன்னாம்மா, அது நிக்கற வீடு யாருது?"

முரளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தரையில் அப்படி என்ன இருந்ததோ.

அதற்குப் பிறகு தினமும் விடியும் முன்னால் சுகன்யா எழுந்து அந்தச் சின்னக் கல்லுக்குப் போனாள். அவள் துணி, என் துணி, சரோஜா துணி. என்னைக் கிட்டே விடவில்லை. "போங்க அத்தை, போயி டீ போடுங்க" என்று விரட்டினாள். சுடிதார் கையெல்லாம் ஈரத்தோடு ரயிலுக்கு ஓடுவாள். அவள் வாங்கின மிஷின் மாலை போட்டுக்கொண்டு நிழலில் நின்றது.

எங்கள் ஊரில் முருகனுக்குக் கோபம் தணிந்தது என்று சொல்வார்கள். சண்டை எல்லாம் முடித்துவிட்டு இந்த மலையில் வந்து உட்கார்ந்த பிறகு தணிந்ததாம். அவர் மலை மேலே உட்கார்ந்தார், தணிந்தது. கீழே கல்லின் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு எங்கே தணிகிறது?

அரைத்த மஞ்சள்

இப்போது மஞ்சளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாலை போட்டவர்கள் தினமும் கட்டுவது கடையில் வாங்குகிற மஞ்சள் வேட்டி. அது சாயம். காவடி தூக்குகிற அன்று கட்டுவது வேறு. புது வெள்ளை வேட்டியை, மஞ்சள் அரைத்துக் கரைத்த தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். கிருத்திகைக்கு முன்னால் வீட்டில் காவடி பூஜை நடக்கும். அதற்கு ஒருமுறை அந்த வேட்டியைக் கட்டுவார்கள். சந்தனம், விபூதி, எண்ணெய் எல்லாம் அதில் படும். அலசிக் காயவைத்து, மலையேறும்போது திரும்பக் கட்ட வேண்டும்.

வருஷா வருஷம் அதை அலசுவது நான்தான். வெறும் தண்ணீர், சோப்பு கிடையாது. அரைத்த மஞ்சளில் சோப்பு பட்டால் சிவந்துவிடும். நல்ல தண்ணீரில் நன்றாக அலசி வெயிலில் போட்டால் திரும்ப மஞ்சளாகும். இது ஒரு ரகசியமே இல்லை. மஞ்சள் பூசிக் குளித்து, சோப்புப் போட்டுத் துண்டில் முகம் துடைத்த எல்லாப் பொம்பளைக்கும் தெரியும்.

இந்த வீட்டு ஆண்களுக்குத் தெரியாது. அவர்கள் ஒரு துண்டைக்கூட அலசினது கிடையாது.

பூஜை முடிந்த மறுநாள் காலை, பொம்பளை கை படக் கூடாது என்று அவர்களே எல்லா வேட்டியையும் சுருட்டி மிஷினில் திணித்தார்கள். முடிச்சை அவிழ்க்கவில்லை, உதறவில்லை. சின்னவர் தூள் டப்பாவைக் கவிழ்த்தார். மூடியால் அளக்கவில்லை, அப்படியே கொட்டினார்.

நான் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கூச்சம் அதிகம். சின்னவரிடம் "சாப்பிட வாங்க" என்பதற்கு மேல் நான் பேசினதில்லை. அதனால் முரளியைக் கூப்பிட்டேன்.

"சாமி, அந்த வேட்டிக்குத் தூள் வாணாம் சாமி."

"சித்தப்பா பாத்துக்கினு இருக்காரும்மா. நீ உள்ள போ."

உள்ளே போனேன். கொஞ்ச நேரத்தில் மிஷின் கத்த ஆரம்பித்தது.

"யாரு பாத்தா?"

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம். மூடி திறந்திருக்கிறது, சிவந்த தண்ணீர் நிற்கிறது, சின்னவர் கேட்கிறார், எந்தப் பொம்பளை தன் துணியைப் போட்டது என்று.

பூஜைக்குப் போட்ட லீவில் சுகன்யா அன்றைக்கும் வீட்டில் இருந்தாள். சரோஜாவுக்கும் எனக்கும் வயசாகிவிட்டது. ஆக, கேள்வி யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

"நான் போடல மாமா" என்றாள்.

"நீ இப்ப தூரமா?"

தெரு ஆண்கள் மூன்று பேர் நிற்கிறார்கள். புருஷன் நிற்கிறான். கேட்டார்.

அவள் முகம் எப்படிப் போனது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. "போன வாரமே குளிச்சிட்டேன்" என்றாள். ஆபீசில் அத்தனை பேரை வைத்து வேலை வாங்குகிறவள், தன் உடம்புக் கணக்கைப் பின்பக்கத்தில் நின்று தெரு ஆண்களுக்குச் சொன்னாள்.

"யாரு பாத்தா?" என்றார் சின்னவர். "வெளிய போடுன்னு சொன்னதுல ரோசம். மிஷினு எனுதுன்னு அன்னிக்கே சொன்னவதான நீ. விரதம் கெட்டுப் போச்சி. அத்தன சாமி கால்லயும் வுழுந்து கும்புடு. அடிப்படியிலிருந்து முட்டி போட்டு மலையேறு. அப்பதான் நாங்க காவடி தூக்க முடியும். இந்த மிஷின இப்பவே தெருவுல தூக்கி வைங்க."

சுகன்யா முரளியைப் பார்த்தாள். அவன் தண்ணீரைப் பார்த்தான்.

"என்னங்க, நீங்க சொல்லுங்க. நான் போட்டனா?"

"சித்தப்பாகிட்ட எதிர்த்துப் பேசாத சுகன்யா. கால்ல வுழுந்தா முடிஞ்சிட்டுது. எதுக்குப் பெரிசாக்கற?"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். "நான் மணவூர் போறேன், எங்க அம்மா வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.

என் பக்கத்தில் நின்ற சரோஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என் காதில் சொன்னாள், "அக்கா, மஞ்சளும் சோப்பும்தான அது?"

"தெரியுதில்ல? சொல்லேன்டி."

"அய்ய, நான் சொன்னா என்னைச் சும்மா வுடுவாரா? கிருத்திகை போவட்டும் அக்கா. பொறவு சொல்லிக்கலாம்."

பிறகு! அந்தப் பெண் பெட்டியில் துணி அடுக்குகிறாள். இவளுக்குப் பிறகாம். சின்னவர் மேல் வந்த கோபத்தைவிட அந்த நிமிஷம் சரோஜா மேல் எனக்குக் கோபம் அதிகம். அவருக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும்.

என் உள்ளங்கை

நான் பூஜை அறைக்குள் போனேன். காவடிக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் மஞ்சள் மீதி இருந்தது. தாலி அறுத்தவள் அதைத் தொடக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தொட்டு எத்தனை வருஷம் ஆனது என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது. கிண்ணத்தை எடுத்தேன். ஒரு எலுமிச்சம்பழத்தையும் எடுத்தேன்.

"அண்ணி! அத ஏன் தொட்டீங்க?" என்று சின்னவர் கத்தினார்.

பதில் வரவில்லை. நேராக மிஷினுக்குப் போய், மஞ்சளை இடது உள்ளங்கையில் அப்பினேன். தூள் டப்பாவில் விரலை விட்டு, அதன் மேல் தூவினேன். குழாயைத் திறந்து நாலு சொட்டுத் தண்ணீர். வலது கையில் பலம் இல்லை, கட்டைவிரலால் தேய்த்தேன்.

கை சிவந்தது. மிஷினுக்குள் நின்ற அதே சிவப்பு.

அந்தக் கையை விரித்துச் சின்னவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அப்போதுதான் குரல் வந்தது. எனக்கே அது என் குரலாகத் தெரியவில்லை.

"பாருங்க. எனக்கு அதெல்லாம் நின்னு போயி எத்தினி வருசமாச்சி. இது எங்கருந்து வந்தது, சொல்லுங்க. என்னையும் கேளுங்க, நீ தூரமான்னு."

மிஷின் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அதே கையைத் தெருக்காரர்கள் மூன்று பேரிடமும் காட்டினேன். முரளியிடம் காட்டினேன். பல்லால் எலுமிச்சையைக் கடித்து, கை மேல் பிழிந்தேன். சிவப்பு கரைந்து மஞ்சளானது.

தெரு ஆட்களில் ஒருவன் மெதுவாக, "ஆமா குருசாமி. எங்கம்மாகூட மஞ்சத் துணிக்குத் தூள் போடாதன்னு கத்தும்" என்றான்.

"அது வேற, இது வேற" என்றார் சின்னவர்.

நான் மகனைக் கூப்பிட்டேன்.

"முரளி."

"அம்மா, பேர் சொல்லிக் கூப்புடக் கூடாது..."

"முரளி. அது ஏன் நின்னுட்டுதுன்னு பாரு. துணிய எடுத்து வாளியில போடு. உள்ள கைய வுடு."

அவன் கையைக் கொண்டுபோனான். தண்ணீருக்கு மேலே வந்ததும் கை நின்றது. என் கையைப் பார்த்துவிட்டான், மஞ்சள் என்று தெரிந்துவிட்டது. அப்படியும் நின்றது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியை நான் அவனுக்கு இன்னும் மன்னிக்கவில்லை. நான் சுமந்து பெற்றவன் அவன், அந்தச் சிவப்பில் கிடந்துதானே வெளியே வந்தான்?

பிறகு கையை விட்டான். வேட்டிகளை எடுத்தான். கீழே தண்ணீர் போகிற குழாயைக் கழற்றச் சொன்னேன். குச்சியை விட்டுக் குத்தியதும் வந்து விழுந்தது: விபூதிப் பொட்டலக் காகிதம், அரளிப்பூ, நூல், ஒரு முழு வெற்றிலை, எல்லாம் சேறாகக் குழைந்து. அதன் பின்னால் சிவந்த தண்ணீர் கொடகொடவென்று சாக்கடைக்குப் போனது. வேட்டி முடிச்சைப் பொம்பளை கை அவிழ்த்திருந்தால் அதில் ஒன்றும் உள்ளே போயிருக்காது.

சுகன்யா பையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லின் பக்கத்து வாளியில் அவள் காலையில் ஊறவைத்த சுடிதார் இருந்தது. நான் போய் அதை எடுத்து வந்து மிஷினில் போட்டேன். அதன் மேல் வேட்டிகளையும் போட்டேன். தூள் போடவில்லை. பொட்டு இல்லாவிட்டாலும் பொத்தான் எங்கே என்று என் விரலுக்குத் தெரியும். அமுக்கினேன். நல்ல தண்ணீர் விழுந்தது.

"அண்ணி, விரதம்..." என்றார்.

"விரதம் உங்களுது. மிஷினு அவளுது."

இவ்வளவுதான் நான் பேசினது. அதற்கே உட்கார வேண்டியதாகிவிட்டது.

அதற்கப்புறம்

வேட்டிகள் வெயிலில் மஞ்சளாகக் காய்ந்தன. சுடிதாரோடு சேர்ந்து அலசிய அதே வேட்டிகளைக் கட்டிக்கொண்டு காவடி ஏறியது, இறங்கியது. முருகன் ஒன்றும் சொல்லவில்லை.

சுகன்யா மணவூருக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. அவளிடம் அங்கே நின்ற ஆண்களில் ஒருவன்கூட, தெரியாமல் சொல்லிவிட்டோம் என்று சொல்லவில்லை. எதற்காக இருக்க வேண்டும்?

கிருத்திகையை ஒட்டி வருகிற கோயில் தெப்பத் திருவிழா முடிந்த பிறகு முரளி கூப்பிடப் போனான். அவள், "என்கிட்ட ஒண்ணும் சொல்ல வாணாம். உங்க சித்தப்பாகிட்ட சொல்லிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். இவன் வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். நானும் சாப்பிடச் சொல்லவில்லை. கடைசியில் எழுந்து மறு பாகத்துக்குப் போனான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"சித்தப்பா, அவ போடல. அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்."

டிவி சத்தம் பெரிதானது.

அவள் திரும்பி வந்தாள். வந்ததும் பையைக்கூட வைக்காமல் பின்பக்கம் போய் மிஷினில் புதுப் பொட்டு ஒட்டினாள். இந்தத் தடவை எல்லாமே பெரிய பொட்டு.

அதற்கடுத்த ஆடியில் சின்னவர் மாலை போட்டுக்கொண்டு, சாமந்தி மாலை ஒன்றைக் கையில் எடுத்து மிஷின் பக்கம் வந்தார். நான் மூடி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கல்லைக் கண்ணால் காட்டினேன். சாக்கடை ஓரத்துச் சின்னக் கல், வெயிலில் சாய்ந்து கிடப்பது. சாமிகள் துணி அந்த ஆடி முழுக்க அங்கேதான் துவைக்கப்பட்டது, சாமிகள் கையாலேயே. சரோஜா என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். அவள் புடவையை மட்டும் பகலில் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்துவிட்டுப் போகிறாள். நான் துவைத்துக் கொடுக்கிறேன்.

எழுதியதில் தப்பு இருக்கலாம். அது போன ஆடிக்கு முந்தின ஆடியா, அதற்கும் முந்தினதா என்று எனக்கு நிச்சயம் இல்லை. குழாயில் இருந்தது அரளியா சாமந்தியா என்பதும் சந்தேகம்தான். எழுத்துப் பிழையைப் பத்திரிகைக்காரப் பிள்ளைகள் திருத்திக்கொள்ளுங்கள். மஞ்சள் விஷயத்தை மட்டும் படிக்கிறவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு சிட்டிகை மஞ்சள், ஒரு சிட்டிகை சோப்புத் தூள், உள்ளங்கையில் வைத்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போதும். வீட்டில் இருக்கிற ஆண்கள் தேய்த்துப் பாருங்கள். பெண்கள் வேண்டாம், எங்களுக்குத் தெரியும்.